பூட்டிய அறையில் அண்ணி

அந்த ஸ்கேன் சென்டரில் எல்லோரும் அவளைச் சர்வரம்மா என்றுதான் கூப்பிடுவார்கள். சர்வர் புரோகிராமை எழுதி, அதைக் கட்டிக் காத்து, அது நின்றுபோனால் திட்டும் வாங்கிக்கொள்கிறவளுக்கு வேறு என்ன பெயர் வைப்பார்கள்? கல்யாணமான புதிதில் அவள் மாமியார் பக்கத்து வீட்டு அம்மாளிடம் "என் மருமக சர்வர் வேலை பாக்குறா" என்று பெருமையாகச் சொல்ல, அந்த அம்மாள் "அடப் பாவமே, நாள் பூரா நின்னுக்கிட்டே இருக்கணுமே, எந்த ஓட்டல்?" என்று கேட்க, மாமியார் பேந்தப் பேந்த விழித்த கதை குடும்பத்தில் இன்றைக்கும் ஓடுகிறது. யோசித்துப் பார்த்தால் அந்த அம்மாள் தப்பாக ஒன்றும் கேட்டுவிடவில்லை. யார் வந்து உட்கார்ந்தாலும் முன்னால் போய் நிற்பது, என்ன வேண்டுமென்று கேட்பது, கேட்டதைக் கொண்டுவந்து வைப்பது. ஓட்டல் சர்வருக்கும் கம்ப்யூட்டர் சர்வருக்கும் பிழைப்பு ஒன்றுதான்.

கம்ப்யூட்டர் சர்வருக்குக் கூடுதலாக ஒரு கேள்வி உண்டு. நீ யார்?

ஸ்கேன் அறைகளிலிருந்தும், டாக்டர் அறைகளிலிருந்தும், ரிசப்ஷனிலிருந்தும் கம்ப்யூட்டர்கள் படம் கேட்டு வரும். வரும்போது நெற்றியில் பெயரை ஒட்டிக்கொண்டு வராது. வெறும் எண்ணோடுதான் வரும். அந்த எண்ணை வைத்துக்கொண்டு சர்வர் இரண்டு இடத்தில் விசாரிக்கும். பெயர்களைப் பார்த்துச் சொல்வதற்கென்றே இருக்கும் இன்னொரு மெஷினிடம் போய், "இந்த எண் எந்த அறைக் கம்ப்யூட்டருடையது?" என்று கேட்கும். பிறகு வந்த கம்ப்யூட்டரிடமே, "உன் முன்னால் இப்போது உட்கார்ந்திருப்பது யார்?" என்று கேட்கும். இரண்டுக்கும் பதில் வந்த பிறகுதான் கதவைத் திறக்கும். இன்ன அறையிலிருந்து இன்னார் வந்தார், இன்னது செய்தார் என்று பதிவும் எழுதிக்கொள்ளும்.

ஒழுங்கான ஏற்பாடுதான். ஆனால் ஆமை வேகம். ஒவ்வொரு படத்துக்கும் இரண்டு விசாரணை என்றால் யாருக்குத்தான் பொறுமை இருக்கும்? சென்டரின் தலைவரான பெரிய டாக்டர் ஒருநாள் அத்தனை பேர் முன்னாலும், "ஒரு படம் திறக்கிறதுக்குள்ள பேஷண்டுக்கு வியாதியே சரியாப் போயிடும் போலிருக்கே" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். சர்வரம்மாவுக்குக் காது மடல் சுட்டது.

அன்றைக்கே அவள் தன் தொழில்காரர்கள் எல்லோரும் செய்வதைச் செய்தாள். ஒரு எண்ணிலிருந்து முதல் தடவை ஆள் வரும்போது விசாரி. வந்த பதிலைப் பத்திரப்படுத்து. அடுத்த தடவை அதே எண் வந்தால் விசாரிக்காதே, பத்திரப்படுத்தியதையே எடுத்துக்கொள். இதற்குக் கேஷ் என்று பெயர். சர்வர் ஒருமுறை அணைந்து எழுந்தாலும் மறந்துவிடக் கூடாதென்று அதை டிஸ்கிலேயே எழுதிவைத்தாள். படங்கள் கண் இமைப்பதற்குள் திறந்தன. பெரிய டாக்டர் அதே கூட்டத்தில் அவளைத் தட்டிக்கொடுத்தார். பாராட்டு என்பது பொல்லாத சாமான். அது வந்து உட்கார்ந்ததும் வேலை முடிந்துவிட்டது போலத் தோன்றிவிடும்.

வேலை முடியவில்லை. பத்திரப்படுத்திய பெயரை எவ்வளவு காலத்துக்கு நம்பலாம் என்று ஒரு கெடு வைக்க வேண்டும். கெடு முடிந்ததும் தூக்கிப் போட்டுவிட்டு மறுபடியும் விசாரிக்க வேண்டும். அது அவளுக்குத் தெரியாததும் அல்ல. புரோகிராமில் அந்த இடத்திலேயே தனக்குத் தானே ஒரு குறிப்பு எழுதி வைத்திருந்தாள்: "கெடு வைக்க வேண்டும். பிறகு." புரோகிராம் எழுதுகிறவர்களின் 'பிறகு' எந்த நாட்காட்டியிலும் இல்லாத தேதி.

இனி அண்ணிக்கு வருவோம்.

அண்ணி என்பது சர்வரம்மாவின் நாத்தனார், கணவனின் அக்கா. அதே சென்டரில் இரண்டாம் ஸ்கேன் அறையின் டெக்னீஷியன். சர்வரம்மா அங்கே வேலைக்குச் சேர்வதற்கு முன்பிருந்தே அவள் அங்கே இருக்கிறாள். கட்டியவன் பாதியில் விட்டுப் போன பிறகு, தன் அம்மாவை அழைத்து வந்து கூட வைத்துக்கொண்டு, அந்தச் சம்பளத்தில்தான் குடும்பத்தைத் தூக்கி நிறுத்தியிருந்தாள். பெரிய குரல். லிஃப்ட் நின்றுவிட்டால் லிஃப்ட் கம்பெனிக்குப் போன் போட்டுக் கிழி கிழியென்று கிழிப்பவள். பயந்து நடுங்கும் நோயாளியை, "இது வெறும் சத்தம்தான்யா, எங்க வீட்டு மிக்ஸி இதைவிட மோசம்" என்று சொல்லிச் சிரிக்கவைத்துப் படுக்க வைப்பவளும் அவள்தான்.

சர்வரம்மாவுக்கும் அவளுக்கும் சண்டை என்று யாரும் சொல்ல முடியாது. சண்டை போடும் அளவுக்கு நெருக்கமே இல்லை. "சாப்டீங்களா அண்ணி?" "ஆச்சும்மா, நீ?" அவ்வளவோடு சரி.

விவகாரம் ஒரு லாரி டிரைவரின் முதுகெலும்பில் தொடங்கியது. வலியில் துடித்துக்கொண்டு வந்த மனிதரைக் காலையில் மூன்றாம் அறையில் படம் எடுத்தார்கள். மதியம் பெரிய டாக்டர் பார்க்கப் போனால் படத்தைக் காணோம். யாரோ அழித்திருக்கிறார்கள். அன்றைய படங்கள் எல்லாம் சாயங்காலம்தான் வேறிடத்தில் நகலாகும், அதனால் மீட்கவும் வழியில்லை. மறுபடியும் அந்த மனிதரைக் குழாய்க்குள் படுக்க வைத்தார்கள். அவர் அலறியது வாசல் வரை கேட்டது. அவர் மனைவி ரிசப்ஷனில் நின்று வருகிற போகிறவர்களையெல்லாம் மறித்துக் கேள்வி கேட்டார்.

பெரிய டாக்டர் சர்வரம்மாவைக் கூப்பிட்டார். அவள் பதிவை எடுத்துத் திரையில் காட்டினாள். அழித்தது: இரண்டாம் ஸ்கேன் அறை. ஆள்: அண்ணியின் பெயர்.

டாக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "இது உங்க வீட்டுக்காரரோட அக்கா இல்ல?"

"ஆமா சார்."

"நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. இந்தப் பதிவு தப்பா இருக்க வாய்ப்பு இருக்கா?"

"இல்ல சார்," என்றாள் சர்வரம்மா.

இதைச் சொல்ல அவளுக்கு ஒரு மூச்சு கூடத் தேவைப்படவில்லை. டாக்டர் யோசிக்கச் சொன்னதெல்லாம் அவள் காதுக்கு வெளியிலேயே நின்றுவிட்டது. அந்தப் பெயரைப் பார்த்ததும் அவள் மனம் சொன்னது ஒன்றே ஒன்றுதான்: செய்வாள், இவள் செய்யக்கூடியவள்தான்.

அப்படிச் சொல்ல மனதுக்கு ஒரு காரணம் இருந்தது. கல்யாணமாகி வந்த முதல் மாதம், சர்வரம்மா ஒரு அட்டைப்பெட்டி கொண்டுவந்திருந்தாள். உள்ளே அவளுடைய முதல் கம்ப்யூட்டரின் உறுப்புகள், ஒயர்கள், ஒரு பழைய டிஸ்க். அந்த டிஸ்கில்தான் படிக்கும் காலத்தில் அவள் எழுதிய புரோகிராம்கள் எல்லாம் இருந்தன. புதுப் பெண்ணுக்காக அறையை ஒழித்துச் சுத்தம் செய்கிறேன் பேர்வழி என்று அண்ணி அந்தப் பெட்டியைப் பழைய சாமான்காரரிடம் தூக்கிக் கொடுத்துவிட்டாள். "குப்பைன்னு நெனச்சுட்டேம்மா!" என்று சொல்லிச் சிரிக்கவும் சிரித்தாள்.  சர்வரம்மா மனதுக்குள் மட்டும் எழுதிவைத்துக்கொண்டாள்: அண்ணி என்றால் கேட்காமல் தூக்கிப் போடுகிறவள். அதன் பிறகு அண்ணியைப் பற்றி அவள் யாரிடமும் விசாரித்ததில்லை. அண்ணியிடமும்தான்.

விசாரணை முடியும்வரை வீட்டில் இருக்கும்படி அண்ணியிடம் சொல்லிவிட்டார்கள். இரண்டாம் அறையைப் பூட்டிச் சாவியை ரிசப்ஷனில் மாட்டினார்கள்.

ஆச்சரியம் என்னவென்றால், அண்ணி சத்தமே போடவில்லை. லிஃப்டுக்காக ஊரைக் கூட்டுகிறவள், தன் பிழைப்புக்காக ஒரு வார்த்தை பேசவில்லை. பையை எடுத்துக்கொண்டு, படிக்கட்டின் கைப்பிடியைப் பிடித்துப் பிடித்து இறங்கிப் போனாள். அதை மாடியிலிருந்து பார்த்த சர்வரம்மா, குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கிறது என்று தனக்குள் சொல்லிக்கொண்டாள். வீட்டில் அவள் கணவன் மட்டும், "அக்கா அப்படிப் பண்ற ஆளில்லையே" என்றான். "பதிவு சொல்லுதே, நானா சொல்றேன்?" என்றாள் இவள்.  அவன் சாப்பிட்ட தட்டைத் தானே கழுவி வைத்துவிட்டுப் படுக்கப் போய்விட்டான்.

முடிவும் வந்தது. கவனக்குறைவால் தான்தான் அழித்தேன் என்று அண்ணி எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டுத் தானாக விலகிக்கொள்ள வேண்டும். போடாவிட்டால் வெளியே அனுப்புவார்கள். இரண்டில் எது நடந்தாலும், நோயாளியின் படத்தை அழித்தவள் என்ற பெயரோடு போகிறவளை வேறெந்த ஸ்கேன் அறையும் உள்ளே விடாது. அன்று சாயங்காலம் வந்து கையெழுத்துப் போடுவதாக அண்ணி ஒப்புக்கொண்டிருந்தாள்.

அன்று மதியம் சர்வர் கொஞ்சம் இழுத்து இழுத்து மூச்சு விட்டது. யார் இவ்வளவு படங்களை இழுக்கிறார்கள் என்று பார்க்கச் சர்வரம்மா ஒரு திரையைத் திறந்தாள். இந்த நிமிடம் யார் யார் உள்ளே இருக்கிறார்கள் என்று காட்டும் திரை. முதல் வரி: இரண்டாம் ஸ்கேன் அறை. ஆள்: அண்ணியின் பெயர்.

அவள் கண்ணைக் கசக்கிக்கொண்டு மறுபடி பார்த்தாள். மாற்றமில்லை. பூட்டிய அறைக்குள் அண்ணி உட்கார்ந்து மும்முரமாக வேலை பார்த்துக்கொண்டிருந்தாள்.

அந்த நேரத்தில் கூடச் சர்வரம்மாவுக்குத் தன் புரோகிராம்மேல் சந்தேகம் வரவில்லை என்பதைச் சொல்லத்தான் வேண்டும். அண்ணி கள்ளச்சாவி போட்டு உள்ளே வந்துவிட்டாள், இன்னும் எதையோ அழித்துக்கொண்டிருக்கிறாள் என்றுதான் தோன்றியது. கையும் களவுமாகப் பிடித்துவிட வேண்டும் என்று ரிசப்ஷனில் சாவியைப் பறித்துக்கொண்டு ஓடினாள். ஓட்டத்தில் ஒரு செருப்பு கழன்று தாழ்வாரத்திலேயே கிடந்தது.

கதவைத் திறந்தாள். உள்ளே இருட்டு. விளக்கைப் போட்டாள். மெஷின் உறை போட்டபடி இருந்தது. கம்ப்யூட்டர் அணைந்து, ஒயர் சுவரிலிருந்து கழற்றிச் சுருட்டி வைக்கப்பட்டிருந்தது. கொக்கியில் அண்ணியின் ஸ்வெட்டர் தொங்கியது. அந்த அறை எப்போதும் குளிர் அறை. மேசைமேல் மெல்லிய தூசி, அதில் ஒரு விரல் தடம் கூட இல்லை.

சர்வரம்மா மாமியாரின் எண்ணுக்குப் போன் போட்டாள்.

"அத்தை, அண்ணி எங்க?"

"இங்கதாம்மா, துணி மடிச்சுக்கிட்டு இருக்கா. சாயங்காலம் வந்து கையெழுத்துப் போடணுமாமே. கூப்பிடட்டுமா?"

"வேணாம் அத்தை."

போனை வைத்துவிட்டு அவள் அண்ணியின் நாற்காலியில் உட்கார்ந்தாள்.  உட்கார்ந்த இடத்தில்தான் எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாகப் புரிய ஆரம்பித்தது.

கட்டடத்தில் உள்ள கம்ப்யூட்டர்களுக்கு எண் கொடுப்பது ஒரு சின்னப் பெட்டி, ரவுட்டர். பழைய ரவுட்டர் ஒரு நல்ல மனிதர். இன்ன கம்ப்யூட்டருக்கு இன்ன எண் என்று எந்நாளும் மாற்றமில்லாமல் கொடுத்துக்கொண்டிருந்தது. போன மாதம் மின்சாரம் எகிறியதில் அது கருகிப் போக, புதியதை வாங்கி மாட்டினார்கள். மாட்டும்போது பக்கத்தில் நின்று திருகாணியை முடுக்கியதே சர்வரம்மாதான். புதுப் பெட்டியோ காலையில் யார் முதலில் கண் விழிக்கிறார்களோ அவர்களுக்கு முதல் எண், அடுத்தவருக்கு அடுத்த எண் என்று அள்ளிக் கொடுக்கும் ரகம். நேற்று இரண்டாம் அறையிடம் இருந்த எண் இன்றைக்கு யாரிடமும் இருக்கலாம். எண் கைமாறிவிட்டது. பெயர் மட்டும் அவளுடைய கேஷில் அப்படியே உறைந்து நின்றது. புதிதாக வந்தவரிடம் 'நீ யார்' என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் அது சொல்லியிருக்கும். கேட்காதே என்று சர்வருக்குச் சொல்லிக் கொடுத்ததே அவள்தான்.

அப்படியானால் இந்த ஒரு மாதப் பதிவில் எந்தப் பெயரையும் நம்ப முடியாது. அண்ணியின் பெயரையும்தான். அதை வைத்துத்தான் அவள் டாக்டரிடம் 'இல்ல சார்' என்று அடித்துச் சொல்லியிருந்தாள்.

கொக்கியில் தொங்கிய ஸ்வெட்டரையே பார்த்துக்கொண்டிருந்தாள். அட்டைப்பெட்டி விவகாரத்துக்குப் பிறகு அண்ணி அவள் வீட்டுக்கு வரும்போதெல்லாம் ஒரு பழக்கம் வைத்திருந்தாள். எதைத் தொடுவதற்கு முன்னாலும் கேட்பாள். "இந்தக் காலி கவரைத் தூக்கிப் போடவாம்மா?" "இந்தப் பழைய பேப்பரை எடுக்கலாமா?" "இந்தச் சொம்பை நகர்த்தவா?" இத்தனை வருஷமும் சர்வரம்மா அதைக் குத்தல் என்றே எடுத்துக்கொண்டு வந்திருக்கிறாள். பாரேன், சொம்பை நகர்த்தக்கூட உத்தரவு கேட்கிறாளாம், நம்மைச் சொல்லிக் காட்டுகிறாள் என்று. ஒருமுறை சர்வரம்மாவுக்குக் குடல்வால் அறுவை சிகிச்சை நடந்தபோது ஆஸ்பத்திரியில் உட்கார்ந்தே தூங்கி எழுந்தவள் அண்ணிதான். அதையும் 'ஊர் மெச்சுவதற்கு' என்ற கணக்கில் தள்ளியிருந்தாள். பெட்டியைத் தூக்கிக் கொடுத்தது தப்புதான், அதில் சந்தேகமில்லை. ஆனால் அந்தத் தப்பைச் செய்தவள் அன்றைக்கே வருந்தித் திருந்தி, ஒவ்வொரு காலிக் கவருக்கும் அனுமதி கேட்டுக்கொண்டு நின்றிருக்கிறாள். இவள்தான் பழைய பெயரிலேயே அவளை வரவு வைத்துக்கொண்டிருந்தாள். அந்தக் குளிர் அறையில் சர்வரம்மாவுக்கு வெட்கமாக இருந்தது. முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்றே தெரியவில்லை.

அழுதுகொண்டிருக்க நேரமில்லை. எழுந்து போய் முதலில் அந்த எண் இப்போது யாரிடம் இருக்கிறது என்று தேடினாள். ரிசப்ஷனில் இருந்தது. ரிசப்ஷன் பெண் பழைய ரிப்போர்ட்டுகளை மொத்தமாக இறக்கிக்கொண்டிருந்தாள்.

"அன்னிக்கு டிரைவர் படத்தை அழிச்சது இந்த எண்தான். அன்னிக்கு இது உங்கிட்ட இருந்துச்சா?"

ரிசப்ஷன் பெண்ணுக்கு முகம் வெளிறிவிட்டது. "ஐயோ அக்கா! எனக்குப் படத்தை அழிக்கிற பட்டனே கிடையாது! எண்ணுன்னா என்னன்னே எனக்குத் தெரியாதுக்கா!"

அவள் சொன்னது உண்மை. ரிசப்ஷன் கம்ப்யூட்டரில் அழிக்கும் பட்டனே வைக்கவில்லை. அன்றைக்கு அந்த எண் வேறு யாரிடமோ இருந்திருக்கிறது. யாரிடம் என்று ரவுட்டரைத் தோண்டிப் பார்த்தாள். அது முந்தைய நாள் கொடுத்ததையே மறந்துவிடும் பேர்வழி. ஒன்றும் கிடைக்கவில்லை.

பெரிய டாக்டரின் அறைக்குப் போனபோது சாயங்காலம் நெருங்கிவிட்டது. உள்ளே போவதற்கு முன் கதவருகே சற்று நின்றாள். சொன்னால் தன் வேலைக்கே உலை. அதைவிடப் பெரிய சங்கடம், யார் நம்புவார்கள்? நேற்று வரை பதிவு சரி என்றவள், நாத்தனார் கையெழுத்துப் போடும் நாளில் வந்து பதிவு தப்பு என்றால்?

டாக்டரும் அதையேதான் கேட்டார். "சொந்தக்காரங்களைக் காப்பாத்தப் பாக்குறீங்களா?"

"இல்ல சார். தப்பு கேஷ்ல இருக்கு."

"கேஷா? இதுல பணம் எங்க வந்துச்சு?"

"பணம் இல்ல சார், அது வேற கேஷ். சொன்னாப் புரியாது, காட்டுறேன். உங்க கம்ப்யூட்டர்ல ஏதாவது ஒரு படத்தைத் திறங்க."

அவர் ஒரு முழங்கால் படத்தைத் திறந்தார். அவள் தன் மடிக்கணினியைத் திருப்பிப் பதிவைக் காட்டினாள். முழங்கால் படத்தைத் திறந்தது: ரிசப்ஷன். ஆள்: ரிசப்ஷன் பெண்ணின் பெயர்.

டாக்டர் திரையைப் பார்த்தார். தன் மூக்குக் கண்ணாடியைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். "நான் எப்பம்மா ரிசப்ஷனுக்குப் போனேன்?"

"நீங்க போகல சார். உங்க எண் முன்னாடி ரிசப்ஷன்ல இருந்துச்சு. அப்போ கேட்டு வெச்ச பேரை என் புரோகிராம் இன்னும் சொல்லிக்கிட்டிருக்கு. மறுபடி ஒரு தடவை கேக்கணும்னு நான் அதுக்குச் சொல்லித் தரல."

அவர் நாற்காலியில் சாய்ந்தார். "அப்போ அந்தப் படத்தை அழிச்சது யாரு?"

"தெரியாது சார்."

"கண்டுபிடிக்க முடியாதா?"

"முடியாது சார். யாருன்னு தெரிஞ்சுக்க இருந்த ஒரே வழியை என் புரோகிராமே கெடுத்துடுச்சு. தெரியாதுன்னுதான் நான் அன்னிக்கே சொல்லியிருக்கணும்."

 டாக்டர் மேசைமேல் இருந்த தாளை எடுத்து, இரண்டாகக் கிழித்துக் குப்பைக்கூடையில் போட்டார். அண்ணி கையெழுத்துப் போடுவதற்காக அடித்து வைத்திருந்த தாள் அது. "உங்களை என்ன பண்றதுன்னு நான் யோசிக்கணும். இப்ப போய் அதைச் சரி பண்ணுங்க."

சரி செய்வதற்கு அதிக நேரம் பிடிக்கவில்லை. 'பிறகு' என்று எழுதியிருந்த இடத்தில் சில வரிகள். இனிமேல் எந்தப் பெயரும் கொஞ்ச நேரம்தான் செல்லும், அதற்குப் பிறகு போய் மறுபடி கேட்டுத்தான் ஆக வேண்டும். இவ்வளவு சின்ன வேலைக்காகவா இத்தனை வருஷம் என்று அவளுக்குத் தன்மேலேயே எரிச்சல் வந்தது.

அண்ணி வந்தாள். தலையை வாரி, இஸ்திரி போட்ட புடவை கட்டி, ஒரு பேனாவைக் கையிலேயே பிடித்துக்கொண்டு வந்தாள். டாக்டர் அறைக்குள் போனவள் சிறிது நேரத்தில் வெளியே வந்து, தாழ்வாரத்து பெஞ்சில் பேனாவும் கையுமாக உட்கார்ந்தாள். சர்வரம்மா போய் அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"நான் இல்லியாமே," என்றாள் அண்ணி.

"நீங்க இல்லைன்னு இல்ல அண்ணி. யாருன்னே தெரியாது. நீங்கன்னு சொன்னது தப்பு."

"அதான்." அண்ணி பேனாவின் மூடியைத் திறந்து திறந்து மூடினாள். "நான் எவ்வளவு மண்டையை உடைச்சுக்கிட்டேன் தெரியுமா? தினமும் காலையில மெஷின் சரியா இருக்கான்னு ஒரு சோதனைப் படம் எடுத்துட்டு அழிப்போம். அன்னிக்கும் அழிச்சேன். கை தவறி அந்த ஆளோடதையும் சேர்த்து அழிச்சிருப்பேன் போலன்னு நெனச்சுக்கிட்டேன். ஞாபகமே வரல. வயசாகுது, எனக்கு மறதி வந்துடுச்சு, இனிமே மனுஷங்களைப் படுக்க வெச்சுப் படம் எடுக்கிற வேலைக்கு நான் லாயக்கில்லைன்னே முடிவு பண்ணிட்டேன்."

"ஏன் அண்ணி ஒரு வார்த்தை சண்டை போடல? நான் அழிக்கலன்னு ஏன் கத்தல?"

அண்ணி அவளை விநோதமாகப் பார்த்தாள். "நீ எழுதினதாச்சே. அது எப்படித் தப்பாச் சொல்லும்?"

 அண்ணி பேசிக்கொண்டே போனாள். பாரம் இறங்கியதில் பழைய குரல் கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பிக்கொண்டிருந்தது.

"டாக்டர் அன்னிக்கே சொன்னாரு, உங்க தம்பி பொண்டாட்டிகிட்டயே கேட்டேன், தப்பா இருக்காதுன்னு சொல்லிட்டாங்கன்னு. எனக்கு மனசு ஒடஞ்சு போச்சுதான். ஆனா வீட்டுக்குப் போய் அம்மாகிட்ட என்ன சொன்னேன் தெரியுமா? பாத்தியாம்மா உன் மருமகளை, சொந்தம் பந்தம்னு பாக்காம உள்ளதை உள்ளபடி சொல்லியிருக்கா, அவ இடத்துல நானா இருந்தா வாய் வந்திருக்குமான்னேன். அம்மா அதைப் போற வர்றவங்ககிட்டல்லாம் சொல்லிக்கிட்டுத் திரியிறாங்க."

அப்படியே விட்டுவிடலாம். யாருக்கும் நஷ்டமில்லை. புரோகிராம் தப்பு, புரோகிராம் திருந்திவிட்டது, மருமகள் நேர்மையானவள் என்று கதையை முடித்துக்கொள்ளலாம். சர்வரம்மா ஒரு கணம் அதையும் நினைத்துப் பார்த்தாள். அவளால் முடியவில்லை.

"அண்ணி, நான் உள்ளதை உள்ளபடி சொல்லல. டாக்டர் யோசிச்சுச் சொல்லச் சொன்னாரு. நான் யோசிக்கவே இல்ல. உங்க பேரைப் பாத்ததும் நீங்கதான்னு நானே முடிவு பண்ணிட்டேன். வேற யார் பேரா இருந்தாலும் ஒரு தடவை சரி பாத்திருப்பேன். உங்க பேருங்கிறதால பாக்கல."

அண்ணியின் கை பேனா மூடியிலேயே நின்றது. தாழ்வாரத்தின் கோடியில் யாரோ தள்ளுவண்டியை உருட்டிக்கொண்டு போனார்கள்.  கத்துவாள் என்று சர்வரம்மா காத்திருந்தாள். கத்தினால் நன்றாக இருக்கும் என்று கூட இருந்தது.

"என் மேல அவ்வளவு இருந்துச்சா உனக்கு?" என்று கேட்டாள் அண்ணி. குரல் சின்னதாக இருந்தது.

"இருந்துச்சு அண்ணி."

"இத்தனை வருஷமா?"

"ஆமா."

அண்ணி எழுந்தாள். பேனாவைப் பைக்குள் போட்டு ஜிப்பை இழுத்தாள். கண்ணைப் புடவைத் தலைப்பால் ஒற்றிக்கொண்டாள். இரண்டடி நடந்துவிட்டுத் திரும்பினாள்.

"வா, வீட்டுக்குப் போலாம். இதை அம்மாகிட்ட நீயே சொல்லு."

"நான் எப்படி அண்ணி..."

"நீதான் சொல்லணும். உன்னைப் பத்தி அப்படி ஒண்ணை நான் சொன்னா, அவங்க நம்ப மாட்டாங்க."